ஒரே தளத்துக்கு நாலு லாகின்: பாஸ்வேர்டு மேனேஜர் எதை நிரப்பும், ஏன்?

லாகின் பெயரையும் பாஸ்வேர்டையும் சேமித்து வைத்து நிரப்பித்தரும் பாஸ்வேர்டு மேனேஜரில் ஒரு தளத்துக்கு ஒரே ஒரு லாகின் இருக்கும்வரை எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டாவது சேர்ந்ததும் ஆரம்பிக்கிறது. அலுவலக மெயிலைத் திறக்கப் போனால் வீட்டு மெயிலின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும். பட்டா மாறுதலுக்கு மனுப் போடப் போனால் இ-சேவை லாகின் வரும். வேகத்தில் கவனிக்காமல் இரண்டு மூன்று முறை அழுத்தினால் கணக்கே பூட்டிக்கொள்ளும்.

மேனேஜர் குழம்பிவிட்டது என்று இதைச் சொல்வார்கள். அது குழம்பவில்லை. திறந்திருக்கும் பக்கத்தின் முகவரிக்குப் பொருந்தும் பதிவுகளைப் பொறுக்கி எடுக்கிறது, பிறகு அவற்றை ஒரு வரிசையில் நிறுத்துகிறது. அதற்குத் தெரிந்த வேலை இவ்வளவுதான். இப்போது உட்கார்ந்திருப்பவருக்கு எந்தக் கணக்கு வேண்டும் என்பது அதற்குத் தெரிய வழியில்லை. ஆகவே தவறான லாகின் வந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: பதிவில் எழுதியிருக்கும் முகவரியும் அதன் பொருத்த விதியும் ஒன்று, வரிசை எப்படி அமைகிறது என்பது மற்றொன்று.

முகவரியில் எந்தத் துண்டைப் பார்க்கிறது?

ஓர் இணைய முகவரியில் நாலு பகுதிகள் நமக்கு முக்கியம். தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ். அடுத்து தளத்தின் முழுப்பெயர். இதை ஹோஸ்ட் என்பார்கள். அதன்பின் சில நேரம், ஒரே கணினியில் ஓடும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் ஒரு போர்ட் எண். கடைசியில் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் பக்கத்தின் பாதை. பெரும்பாலான மேனேஜர்கள் வாங்கி நிறுவியவுடன் பார்ப்பது ஹோஸ்டை முழுதாக அல்ல, அதன் வால்பகுதியை மட்டும். அதற்கு அடிப்படை டொமைன் என்று பெயர்.

வால்பகுதி என்றால் எவ்வளவு? கடைசி இரண்டு துண்டு என்று வைத்துக்கொள்ளலாமா? கூகுள்.காம் என்றால் சரியாக வரும். ஆனால் இந்திய அரசுத் தளங்கள் பெரும்பாலும் கவ்.இன் என்று முடிகின்றன. கடைசி இரண்டு துண்டை எடுத்தால் வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு இன்னொரு அரசுத் துறையின் தளத்திலும் வந்து நிற்கும். இதைத் தவிர்க்கத்தான் பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட் என்ற பட்டியல் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மோசில்லா இதை 2007-இல் தொடங்கியது; இன்று முக்கிய பிரவுசர்களும் பல பாஸ்வேர்டு மேனேஜர்களும் இதை நம்பியே ஓடுகின்றன. பலரும் பெயர் பதிந்துகொள்ளக்கூடிய பொது வால்கள் எவை என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். கோ.இன், ஏசி.இன், கவ்.இன் எல்லாம் அதில் உண்டு. நிரலாளர்கள் தங்கள் பக்கங்களை வைக்கும் கிட்ஹப்.ஐஓ கூட உண்டு. அங்கே ஒவ்வொரு துணைப்பெயரும் வேறு வேறு ஆளுடையது என்பதால். பட்டியலில் இருக்கும் வாலோடு அதற்கு முந்தைய ஒரு துண்டையும் சேர்த்தால் அடிப்படை டொமைன் கிடைத்துவிடும்.

இப்போது தமிழ்நாட்டு அரசின் தளங்களுக்கு வருவோம். பட்டா மாறுதலுக்கான தமிழ்நிலம்.டிஎன்.கவ்.இன் ஒரு தளம். சான்றிதழ்களுக்கான டிஎன்இசேவை.டிஎன்.கவ்.இன் வேறொரு தளம். இரண்டிலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பாஸ்வேர்டும் தனித்தனி. ஆனால் பட்டியலில் இருப்பது கவ்.இன் மட்டும். அதற்கு முந்தைய துண்டு இரண்டிலும் டிஎன். எனவே மேனேஜரின் கணக்குப்படி இரண்டுக்கும் அடிப்படை டொமைன் டிஎன்.கவ்.இன். மாநில அரசின் நாலு தளங்களில் லாகின் வைத்திருப்பவருக்கு நாலும் ஒவ்வொரு தளத்திலும் வரிசையாக வந்து நிற்பது இதனால்தான். கல்லூரிகளிலும் இதே கதை: நூலகம், தேர்வுத்துறை, விடுதி எல்லாம் கல்லூரியின் ஒரே டொமைனுக்குக் கீழே இருக்கும்.

பொருத்த விதியை மாற்றுவது

பிட்வார்டன் என்ற மேனேஜரை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றிலும் தத்துவம் ஒன்றுதான். ஒரு பதிவைத் திருத்தத் திறந்து, முகவரிக் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரக் குறியை அழுத்தினால் மேட்ச் டிடெக்‌ஷன் என்ற தேர்வு வரும். அதில் ஆறு விதிகள்: பேஸ் டொமைன், ஹோஸ்ட், ஸ்டார்ட்ஸ் வித், எக்ஸாக்ட், ரெகுலர் எக்ஸ்பிரஷன், நெவர். ஒன்றும் மாற்றாவிட்டால் பேஸ் டொமைன், அதாவது மேலே சொன்ன அடிப்படை டொமைன்தான்.

அரசுத் தளச் சிக்கலுக்கு மருந்து ஹோஸ்ட். தமிழ்நிலம் பதிவில் ஹோஸ்ட் என்று வைத்தால் அந்த முழுப்பெயர் வரும் பக்கங்களில் மட்டும் அது தலைகாட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு பதிவில் மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடியும். இ-சேவைப் பதிவு இன்னும் பேஸ் டொமைனில் இருந்தால் அது தமிழ்நிலத்தில் தொடர்ந்து வரும். விதி அந்தந்தப் பதிவோடு ஒட்டியது. எந்தப் பதிவு வேண்டாத இடத்தில் வருகிறதோ அதைத்தான் திருத்த வேண்டும்.

ஹோஸ்ட் விதி போர்ட் எண்ணையும் சேர்த்துப் பார்க்கும். வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரே பெட்டியில் பல சேவைகளை ஓடவிடுபவர்களுக்கு இது பெரிய உதவி. 192.168.1.10:5000 ஒன்றும் 192.168.1.10:8080 ஒன்றும் இருந்தால், பேஸ் டொமைனில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஹோஸ்டில் பிரிந்துவிடும். ரவுட்டருக்கு இது உதவாது. உங்கள் வீட்டு ரவுட்டரும் அண்ணன் வீட்டு ரவுட்டரும் 192.168.1.1 என்றே இருந்தால் மேனேஜருக்கு இரண்டும் ஒரே இடம். அங்கே பதிவின் தலைப்பைப் பார்த்து நாமேதான் பொறுக்க வேண்டும்.

எக்ஸாக்ட் என்பது முகவரி ஓர் எழுத்து விடாமல் ஒத்துப்போக வேண்டும் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் கழுத்தறுப்பு. பல தளங்கள் லாகின் பக்கத்தின் முகவரியில் கேள்விக்குறி போட்டு ஏதேதோ எண்களை ஒட்டும், அவை ஒவ்வொரு முறையும் மாறும். நேற்று நிரப்பியது இன்று நிரப்பாது.

ஸ்டார்ட்ஸ் வித் விதி ஒரே ஹோஸ்டுக்குள் இரண்டு பாதைகளில் இரண்டு கணக்குகள் இருந்தால் பயன்படும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பதிவில் எச்டிடிபிஎஸ்://கடை.காம் என்று எழுதி அதோடு நிறுத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எச்டிடிபிஎஸ்://கடை.காம்.மோசடி.நெட் என்ற முகவரியும் அதே எழுத்துகளில்தானே தொடங்குகிறது? விதிப்படி அதுவும் பொருந்தும், உங்கள் பாஸ்வேர்டை மேனேஜர் அங்கே நீட்டும். காம் முடிந்ததும் ஒரு சாய்கோடு போட்டுவிட்டால் ஆபத்து நீங்கும். அந்த ஒரு கோட்டை விட்டுவிடாதீர்கள். எழுத்துகளின் அமைப்பைக் குறிகளால் எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இப்படிப்பட்ட பொறிகள் இன்னும் அதிகம்; புள்ளி என்பது அங்கே 'எந்த எழுத்தானாலும் சரி' என்று பொருள்படும். அந்த மொழி கைவராதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஒன்பாஸ்வேர்டு என்ற மேனேஜரில் தேர்வுகள் குறைவு, அதனால் தெளிவு அதிகம். பதிவின் முகவரியில் மூன்றே நிலைகள்: இந்தத் தளம் முழுக்க நிரப்பு, இந்த ஹோஸ்டில் மட்டும் நிரப்பு, நிரப்பவே நிரப்பாதே. கீபாஸ்எக்ஸ்சி என்ற மேனேஜர் வேறு வழியில் போகிறது. பதிவின் முகவரி, திறந்திருக்கும் பக்கத்தோடு எவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும். பிரவுசர் இணைப்புக்கான அமைப்புகளில், மிக நெருக்கமானதை மட்டும் காட்டு என்ற தேர்வும் உண்டு. அதை இயக்கினால் பட்டியல் சுருங்கும்.

பிரவுசருக்குள்ளேயே இருக்கும் மேனேஜர்களில் இப்படிப் பதிவுவாரியாக விதி வைக்க முடியாது. குரோம் ஹோஸ்ட் முழுதாக ஒத்துப்போகும் லாகினைத் தானே நிரப்பும். துணை டொமைன் வழியாக மட்டும் உறவுள்ளதைப் பட்டியலில் காட்டிவிட்டு, நீங்கள் தொடும்வரை காத்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பொருந்துபவை ஒன்றுக்கு மேல் இருந்தால் எதையும் தானாக நிரப்பாமல் கட்டத்தைக் காலியாக விட்டுவிடும். கட்டத்தில் சொடுக்கினால் பட்டியல் விரியும். 'ஃபயர்ஃபாக்ஸ் திடீரென்று நிரப்புவதை நிறுத்திவிட்டது' என்று சொல்பவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் அதே தளத்துக்கு இரண்டாவது லாகின் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கும்.

முகவரி ஒன்றேதான், ஆட்கள் பல

மேலே சொன்னது எல்லாம் முகவரியில் ஏதாவது வேறுபாடு இருந்தால். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரித் தளத்தில் ஐம்பது கிளையன்ட் இருந்தால் ஐம்பது பதிவுக்கும் முகவரி ஒன்றே: ஈபோர்ட்டல்.இன்கம்டாக்ஸ்.கவ்.இன். எந்த விதியாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. இங்கே வரிசைதான் எல்லாம்.

பிட்வார்டன் கடைசியாகப் பயன்படுத்திய பதிவை முதலில் வைக்கும், மற்றவற்றை அதற்குப் பின்னால். கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பொருந்துவதில் முதலாவதை நிரப்பும்; மறுபடி அழுத்தினால் அடுத்தது, இன்னொரு முறை அழுத்தினால் அதற்கடுத்தது என்று சுற்றி வரும். இரண்டு மூன்று லாகினுக்கு இது அருமையான வசதி. ஐம்பதுக்கு இதை நம்பினால் விரல்தான் தேயும். இன்னொரு விஷயம்: எதை எப்போது பயன்படுத்தினோம் என்ற குறிப்பு அந்தந்தக் கருவியிலேயே தங்கிவிடும், மற்றக் கருவிகளுக்குப் போகாது. எனவே மேசைக் கணினியில் முதலில் வரும் கணக்கும் மடிக்கணினியில் முதலில் வரும் கணக்கும் வேறாக இருப்பது இயல்பு. ஒத்திசைவு கெட்டுவிட்டது என்று பயந்து லாக்அவுட் செய்ய வேண்டியதில்லை.

வருமான வரித் தளத்தில் லாகின் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் பக்கத்தில் பான் எண். தொடர்ந்தால் அடுத்த பக்கத்தில், பாதுகாப்புச் செய்தியை உறுதிசெய்யும் கட்டத்தில் டிக் அடித்த பிறகு பாஸ்வேர்டு. இரண்டாவது பக்கத்தில் பாஸ்வேர்டு கட்டம் மட்டுமே இருப்பதால், இது யாருடைய பாஸ்வேர்டு என்று மேனேஜர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரு பதிவை வைத்துப் பான் எண்ணை நிரப்பியிருந்தால், அதுவே 'கடைசியாகப் பயன்படுத்தியது' ஆகிவிடும். இரண்டாவது பக்கத்தில் அதுவே முதலில் வரும். சரியாக நடக்கும்.

எப்போது கெடும்? பான் எண்ணைக் கையால் தட்டச்சு செய்துவிட்டுப் பாஸ்வேர்டை மட்டும் மேனேஜரிடம் கேட்டால் கெடும். அது நேற்றுத் திறந்த கிளையன்டின் பாஸ்வேர்டைப் போடும். இரண்டு டேப்களில் இரண்டு கிளையன்டைத் திறந்தாலும் கெடும். முதல் டேபில் முருகன் ஸ்டோர்ஸின் பான் எண்ணை நிரப்பிவிட்டு, ஏதோ வேலையாக இரண்டாவது டேபில் லட்சுமி டிரேடர்ஸைத் திறந்து பான் எண் நிரப்புகிறீர்கள். திரும்ப முதல் டேபுக்கு வந்து குறுக்குவிசையை அழுத்தினால் லட்சுமியின் பாஸ்வேர்டு முருகனின் கணக்குக்குப் போகும். புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால் கண்ணுக்கும் பிடிபடாது. ஒரு கிளையன்டை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்த பிறகே அடுத்தவரைத் தொடுவது ஒன்றுதான் இதற்கு வழி.

இப்படி நிறைய பதிவுகள் வைத்திருப்பவர்கள் குறுக்குவிசையை மறந்துவிட்டு, மேனேஜரின் சிறு சாளரத்தைத் திறந்து பெயரின் முதல் மூன்று நாலு எழுத்துகளைத் தேடி, அந்தப் பதிவைத் தொட்டு நிரப்புவதே நல்லது. அதற்குத் தலைப்புகள் ஒழுங்காக இருக்க வேண்டும். ஐம்பது பதிவுக்கும் 'இன்கம்டாக்ஸ்' என்று மேனேஜர் தானாக வைத்த தலைப்பே இருந்தால் தேடி என்ன பயன்? கிளையன்ட் பெயர் முதலில், சேவை பிறகு: 'முருகன் ஸ்டோர்ஸ் – வருமான வரி', 'முருகன் ஸ்டோர்ஸ் – ஜிஎஸ்டி'. யூசர்நேம் கட்டத்தில் பான் எண் கண்டிப்பாக இருக்க வேண்டும், குறிப்புப் பகுதியில் அல்ல.

பாஸ்வேர்டுக்குப் பிறகு இரண்டாவது படியாகத் தளம் கேட்கும் ஆறு இலக்கக் குறியீட்டையும் மேனேஜரிலேயே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிரப்பியவுடன் அந்தப் பதிவின் குறியீடு கிளிப்போர்டுக்குப் போகும்படி பிட்வார்டனில் அமைக்கலாம். தவறான பதிவை முதலில் நிரப்பிவிட்டு, பெயரையும் பாஸ்வேர்டையும் கையால் திருத்தினால் கிளிப்போர்டில் இருப்பது இன்னும் பழைய பதிவின் குறியீடுதான். 'பாஸ்வேர்டு சரி, குறியீடு மட்டும் தப்பு' என்று தளம் சொன்னால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

பக்கம் திறந்ததுமே நிரப்பலாமா?

பிட்வார்டனில் இந்த வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். அப்படியே இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து. பல லாகின் இருந்தால் அது கடைசியாகப் பயன்படுத்தியதை எடுத்துக் கேட்காமலே போட்டுவிடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பக்கத்தில் ஓடும் அயல் நிரல்கள். 2017 டிசம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள்: சில விளம்பர, கண்காணிப்பு நிரல்கள் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு லாகின் படிவத்தைச் செருகி, பிரவுசரின் மேனேஜர் தானாக அதில் நிரப்பிய மின்னஞ்சல் முகவரியை எடுத்துக்கொண்டிருந்தன. முகவரி ஒத்துப்போனதால் மேனேஜர் தன் விதிப்படிதான் நடந்தது. நாம் தொட்டால் மட்டும் நிரப்பு என்று வைத்தால் இந்த வழி அடைபடும். ஃபயர்ஃபாக்ஸில் அமைப்புகளில் தானாக நிரப்பும் தேர்வை எடுத்துவிட்டால், சேமித்தவை அழியாது. சொடுக்கும்போது பட்டியலாக வரும்.

கணக்கு ஒன்று, முகவரி பல

இது தலைகீழ்ச் சிக்கல். அமேசான்.இன், அமேசான்.காம் இரண்டிலும் ஒரே கணக்கு வேலை செய்யும். ஆனால் அடிப்படை டொமைன் வேறு. இதற்காகப் பிட்வார்டன் சம டொமைன்கள் என்றொரு பட்டியல் வைத்திருக்கிறது. பிரவுசரில் திறக்கும் அதன் இணையப் பக்கமான வெப் வால்ட்டின் அமைப்புகளில் டொமைன் ரூல்ஸ் பகுதியில் பார்க்கலாம், நம்முடையதையும் சேர்க்கலாம். ஆப்பிள் இதே போன்ற தகவல்களை 2020-இல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்து வைத்தது. சொந்தத் தேவைக்கு அதைவிட எளிய வழி, ஒரே பதிவில் இரண்டாவது முகவரியைச் சேர்ப்பது. பலர் இதைச் செய்யாமல் பதிவையே நகலெடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒன்றில் பாஸ்வேர்டு மாறும், மற்றதில் பழையதே கிடக்கும்.

கைபேசிச் செயலிகளுக்கு முகவரிப் பட்டையே கிடையாது. அங்கே மேனேஜர் செயலியின் அடையாளப் பெயரைப் பார்க்கிறது. அந்தச் செயலி இந்தத் தளத்துடையதுதான் என்பதைத் தளமே ஒரு சிறு கோப்பில் அறிவித்திருந்தால் தளத்தின் லாகினை நம்பி நீட்ட முடியும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இதற்குத் தனித்தனிக் கோப்பு. கோப்பு இல்லாத செயலியில் ஒன்றும் வராது. தேடி எடுத்து ஒருமுறை நிரப்பிவிட்டு, அந்தப் பதிவோடு செயலியைச் சேர்த்துவிட்டால் அடுத்த முறை வரும்.

தேவையில்லாத பதிவுகள் எங்கிருந்து வருகின்றன?

பெரும்பாலும் பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்திலிருந்து. அங்கே பழையது, புதியது, மறுபடி புதியது என்று மூன்று கட்டங்கள் இருக்கும். யூசர்நேம் கட்டம் இருக்காது. யாருடைய பாஸ்வேர்டு என்று தெரியாத மேனேஜர், யூசர்நேம் காலியாக ஒரு புதுப்பதிவு போட்டுவிடலாம். அல்லது நீங்கள் 'புதுப்பி' என்பதற்குப் பதில் 'சேமி' என்பதை அழுத்தியிருப்பீர்கள். இப்படியே ஒரு தளத்துக்கு மூன்று பதிவு சேர்ந்து, அதில் ஒன்றுதான் உயிரோடு இருக்கும்.

கழிப்பதற்கு முன் எது உயிருள்ளது என்று தெரிந்தாக வேண்டும். தளத்தின் பெயரைத் தேடி எல்லாப் பதிவையும் வரவழையுங்கள். யூசர்நேம் காலியாக இருப்பதைத் திறந்து, அதன் பாஸ்வேர்டு மற்ற ஏதாவது பதிவில் உள்ளதா என்று ஒப்பிடுங்கள். இல்லையென்றால் அதுதான் புதியதாக இருக்கலாம். உடனே அழிக்காமல், பிரவுசரின் தனிச் சாளரத்தில் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். வேலை செய்கிற பாஸ்வேர்டைச் சரியான யூசர்நேம் உள்ள பதிவுக்கு மாற்றிய பிறகே மற்றதை அழியுங்கள். பிட்வார்டனில் அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். ஒரு பதிவின் முந்தைய 5 பாஸ்வேர்டுகளும் வரலாற்றில் கிடைக்கும். பிரவுசரின் சொந்த மேனேஜரையும் தனி மேனேஜரையும் ஒருசேர ஓடவிடுபவர்கள் ஏதாவது ஒன்றை அணைத்துவிட வேண்டும். இரண்டும் ஒரே கட்டத்தில் போட்டி போட்டால், எது நிரப்பியது என்றே தெரியாமல் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும், வழக்கமாகப் பட்டியல் வரும் தளத்தில் ஒரு நாள் ஒன்றுமே வராவிட்டால் நகலெடுத்து ஒட்டுவதற்கு முன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரு தளம் உண்மையிலேயே புதிய டொமைனுக்கு மாறியிருக்கலாம். போலித்தளமாகவும் இருக்கலாம், கண் ஏமாறும் இடத்தில் மேனேஜர் ஏமாறாது, எழுத்து ஒத்துப்போகாவிட்டால் நீட்டாது. நீங்கள் முன்பே வைத்திருக்கும் புக்மார்க் வழியாகவோ நிறுவனத்தின் செயலி வழியாகவோ போய் புதிய முகவரி மெய்தான் என்று தெரிந்தால், அதைப் பழைய பதிவிலேயே இரண்டாவது முகவரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.